மின்தடை, மின்திறன் கணிப்பு

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தையும் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் அளந்து, அக்கருவியின் மின்தடையையும் அது பயன்படுத்தும் மின்திறனையும் கண்டறிவது மின்னியலின் அடிப்படைக் கணிப்புகளுள் ஒன்றாகும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். சென்னையின் மேற்குப் புறநகரான முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டில் உள்ள வெந்நீர்க் கருவி, அதனருகே ஆவடி வழியாகச் செல்லும் மின்தொடர்வண்டி, சத்தீசுகரிலிருந்து தமிழ்நாட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர் அழுத்தத் தடம் ஆகிய மூன்றும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் இவற்றின் வடிவமைப்பு இதே கணிப்பிலிருந்தே தொடங்குகிறது.

அளவுகளும் அலகுகளும்

மின்னழுத்தம்: ஒரு கூலோம் மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நகர்த்தும்போது செய்யப்படும் வேலையின் அளவு. அலகு வோல்ட்டு. எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கப்படுவதால் இது மின்னழுத்த வேறுபாடு என்றும் கூறப்படும்.

மின்னோட்டம்: ஒரு நொடியில் கடத்தியின் குறுக்குவெட்டைக் கடக்கும் மின்னூட்டத்தின் அளவு. அலகு ஆம்பியர்.

மின்தடை: மின்னோட்டத்திற்குக் கடத்தி காட்டும் எதிர்ப்பு. அலகு ஓம். ஒரு வோல்ட்டு மின்னழுத்தம் ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அக்கடத்தியின் மின்தடை ஓர் ஓம் ஆகும்.

மின்திறன்: ஒரு நொடியில் பயன்படும் மின்னாற்றல். அலகு வாட்டு. ஒரு வாட்டு என்பது நொடிக்கு ஒரு சூல் ஆற்றலாகும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்திறன், பக்க இணைப்பு எனப்படுபவை இலங்கை வழக்கில் முறையே மின்வலு, சமாந்தர இணைப்பு எனப்படும்.

வாய்பாடுகள்

ஓமின் விதியின்படி, வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஓர் உலோகக் கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்த்தகவில் இருக்கும். அதாவது,

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

மின்திறனுக்கான அடிப்படை வாய்பாடு பின்வருமாறு:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால் மேலும் இரு வடிவங்கள் பெறப்படும்:

மின்திறன் = (மின்னோட்டம்)² × மின்தடை
மின்திறன் = (மின்னழுத்தம்)² ÷ மின்தடை

எந்த வடிவத்தை எங்குப் பயன்படுத்துவது

கடைசி இரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவது போல் மாணவர்களுக்குத் தோன்றுவதுண்டு. ஒன்றின்படி மின்தடை கூடினால் மின்திறன் கூடுகிறது. மற்றொன்றின்படி மின்தடை கூடினால் மின்திறன் குறைகிறது. உண்மையில் இங்கு முரண்பாடு இல்லை. மின்னோட்டம் மாறாதிருக்கும் இடத்தில் முதல் வடிவமும், மின்னழுத்தம் மாறாதிருக்கும் இடத்தில் இரண்டாம் வடிவமும் ஒப்பீட்டுக்கு ஏற்றவை.

230 வோல்ட்டில் இயங்கும் 40 வாட்டு, 100 வாட்டு மின்னிழை விளக்குகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வடிவத்தின்படி அவற்றின் மின்தடைகள் முறையே 1,322.5 ஓம், 529 ஓம் ஆகும். வீடுகளில் விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. இரண்டும் ஒரே மின்னழுத்தத்தைப் பெறுவதால், குறைந்த மின்தடை கொண்ட 100 வாட்டு விளக்கே மிகுந்த ஒளி தரும். அவற்றைத் தொடர் இணைப்பில் இணைத்தால் இரண்டின் வழியேயும் ஒரே மின்னோட்டம் பாயும். மின்தடை மாறவில்லை எனக் கொண்டால் அது ஏறத்தாழ 0.124 ஆம்பியர் ஆகும். அப்போது 40 வாட்டு விளக்கு 20.4 வாட்டையும், 100 வாட்டு விளக்கு 8.2 வாட்டையும் பெறும். எனவே குறைந்த வாட்டு எண் கொண்ட விளக்கு கூடுதல் ஒளியுடன் எரியும்.

இவ்வாய்பாடுகளில் இடும் மின்னழுத்தம், கணிப்புக்கு எடுத்துக்கொண்ட பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமாகவே இருத்தல் வேண்டும். மின்கம்பியில் வீணாகும் திறனைக் கணிக்க 230 வோல்ட்டை இரண்டாம் வடிவத்தில் இடுவது பிழையாகும். கம்பியில் மட்டும் ஏற்படும் மின்னழுத்த இறக்கத்தையே இட வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தால்தான், மின்னழுத்தத்தை உயர்த்துவதால் கம்பிகளில் இழப்பு குறைவது ஏன் என்பது விளங்கும்.

வரலாறு

கேயார்க் சைமன் ஓம் (1789–1854) செருமனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். கோல்ன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபோது மின்னோட்டம் பற்றிய ஆய்வுகளை மேற்கொண்டார். அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இல்லாததால் அவருடைய தொடக்க அளவீடுகள் ஒழுங்கற்று அமைந்தன. பின்னர், இரு வேறு உலோகங்களின் சந்திப்புகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து நிலையான மின்னழுத்தம் பெறும் வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்தினார். தம் முடிவுகளை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அந்நூல் உரிய வரவேற்பைப் பெறவில்லை. 1841இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

இங்கிலாந்தின் என்றி கேவண்டிசு இதே தொடர்பை முன்னரே உணர்ந்திருந்தார். மின்னோட்டத்தைத் தம் உடலில் செலுத்தி, அதிர்ச்சியின் வலிமையைக் கொண்டே அவர் அதனை மதிப்பிட்டார். அவர் அம்முடிவுகளை வெளியிடவில்லை. மாக்சுவெல் அவற்றைப் பதிப்பித்து 1879இல் வெளிக்கொணர்ந்தார்.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் உள்ளது என்பதைச் சேம்சு சூல் 1840களின் தொடக்கத்தில் காட்டினார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட்டு, ஆம்பியர் ஆகிய அலகுப் பெயர்களை ஏற்றது. வாட்டு என்னும் பெயரை 1882இல் வில்லியம் சீமென்சு முன்மொழிந்தார்.

ஆய்வகத்தில் அளந்து கணித்தல்

மின்தடையைக் காண வேண்டிய கம்பியுடன் அம்மீட்டரைத் தொடர் இணைப்பிலும், வோல்ட்மீட்டரைக் கம்பியின் முனைகளுக்குப் பக்க இணைப்பிலும் இணைக்க வேண்டும். மின்தடை மாற்றியைக் கொண்டு மின்னோட்டத்தை மாற்றிப் பல அளவீடுகள் எடுக்கப்படும். நிக்ரோம் கம்பி ஒன்றுக்கான எடுத்துக்காட்டு அளவீடுகள் வருமாறு:

2 வோல்ட்டு, 0.4 ஆம்பியர்: மின்தடை 5 ஓம், மின்திறன் 0.8 வாட்டு
4 வோல்ட்டு, 0.8 ஆம்பியர்: மின்தடை 5 ஓம், மின்திறன் 3.2 வாட்டு
6 வோல்ட்டு, 1.2 ஆம்பியர்: மின்தடை 5 ஓம், மின்திறன் 7.2 வாட்டு

மின்னழுத்தம் மூன்று மடங்கானபோது மின்தடை மாறவில்லை. மின்திறனோ ஒன்பது மடங்காகியது. மின்னழுத்தத்தைக் கிடை அச்சிலும் மின்னோட்டத்தை நிலை அச்சிலும் கொண்டு வரைந்தால் தொடக்கப் புள்ளியின் வழியே செல்லும் நேர்கோடு கிடைக்கும்.

அளவிகளுக்கும் மின்தடை உண்டு என்பதை மறத்தல் கூடாது. 10,000 ஓம் மின்தடையுள்ள வோல்ட்மீட்டரை 10,000 ஓம் மின்தடையின் குறுக்கே இணைத்து, இரண்டும் சேர்ந்து ஈர்க்கும் மின்னோட்டத்தை அம்மீட்டரில் படித்தால், கணிப்பு 5,000 ஓம் என்று காட்டும். ஆகவே வோல்ட்மீட்டரின் மின்தடை மிக உயர்ந்ததாகவும், அம்மீட்டரின் மின்தடை மிகத் தாழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஓர் ஓமுக்கும் மிகக் குறைந்த மின்தடைகளை அளக்கும்போது இணைப்புக் கம்பிகளின் மின்தடையே பிழையாக நுழையும். அதனைத் தவிர்க்க, மின்னோட்டத்தைச் செலுத்த இரு முனைகளும் மின்னழுத்தத்தை அளக்க வேறு இரு முனைகளும் கொண்ட கெல்வின் முறை பயன்படுகிறது.

வீட்டு மின்கருவிகளில் கணிப்பு

230 வோல்ட்டு, 2,000 வாட்டு எனக் குறிக்கப்பட்ட வெந்நீர்க் கருவி (கீசர்) 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும். அதன் மின்தடை 26.45 ஓம் ஆகும்.

கோடைக்காலத்தில் மின்பளு மிகுந்து மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைகிறது எனக் கொள்வோம். சூடாக்கும் சுருளின் மின்தடை பெரிதும் மாறாது. எனவே மின்னோட்டம் 6.8 ஆம்பியராகவும் மின்திறன் ஏறத்தாழ 1,225 வாட்டாகவும் குறையும். மின்னழுத்தம் 22 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தும் வெப்பத்திறன் 39 விழுக்காடு குறைந்துவிடுகிறது.

கம்பியின் தடிமன்

கம்பியின் மின்தடை அதன் நீளத்திற்கு நேர்த்தகவிலும் குறுக்குப் பரப்பிற்கு எதிர்த்தகவிலும் இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.017 ஓம் ஆகும். மேற்கூறிய கருவி மின்பலகையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், போக்கும் வரவுமாக 60 மீட்டர் கம்பி தேவைப்படும்.

1 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 1.02 ஓம், மின்னழுத்த இறக்கம் ஏறத்தாழ 8.9 வோல்ட்டு, வெப்பமாக வீணாகும் திறன் 77 வாட்டு
2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.41 ஓம், மின்னழுத்த இறக்கம் ஏறத்தாழ 3.5 வோல்ட்டு, வெப்பமாக வீணாகும் திறன் 31 வாட்டு

கம்பியின் நீளம் முழுதும் பரவும் வெப்பத்தைக் காட்டிலும் ஓரிடத்தில் குவியும் வெப்பம் பெருங்கேடு விளைவிக்கும். தளர்ந்த செருகியிலோ துருவேறிய திருகிலோ 0.5 ஓம் மின்தடை உண்டானால், 8.7 ஆம்பியர் பாயும்போது அவ்விடத்தில் ஏறத்தாழ 38 வாட்டு வெப்பம் உண்டாகும். மின்னணுப் பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் பற்றவைப்புக் கோல் பொதுவாக 25 முதல் 35 வாட்டு திறன் கொண்டது. செருகிகள் கருகுவதற்கும் தீப்பற்றுவதற்கும் இதுவே காரணமாகும். மின்னோட்டம் மிகையாகாததால் இத்தகைய நேர்வில் உருகியோ எம்.சி.பி. எனப்படும் துண்டிப்பானோ செயற்படாது. செருகி சூடாவது, நெகிழி நாற்றம் வீசுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டித்துச் சரிசெய்தல் வேண்டும்.

சென்னைப் புறநகர்த் தொடர்வண்டிகள்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையேயான மீட்டர் பாதையில் 1931ஆம் ஆண்டில் மின்தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை 1,500 வோல்ட்டு நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்கின. 1967இல் அப்பாதை 25,000 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டத்திற்கு மாற்றப்பட்டது. மேற்குத் தடத்தில் சென்னை சென்ட்ரல் – திருவள்ளூர் பகுதி 1979இலும், திருவள்ளூர் – அரக்கோணம் பகுதி 1982இலும் மின்மயமாக்கப்பட்டன. முத்தாபுதுப்பேட்டைக்கு அருகே உள்ள ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் நிலையங்கள் இத்தடத்தில் அமைந்துள்ளன. இத்தடம் தொடக்கம் முதலே 25,000 வோல்ட்டு முறையில் அமைந்தது.

மின்னழுத்தத்தை இவ்வாறு உயர்த்தியதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு தொடர்வண்டிக்கு 1,500 கிலோவாட்டு தேவை எனவும், துணைமின் நிலையத்திலிருந்து வண்டி வரையிலான சுற்றின் மின்தடை 0.1 ஓம் எனவும் கொள்வோம்.

1,500 வோல்ட்டில்: மின்னோட்டம் 1,000 ஆம்பியர், மின்னழுத்த இறக்கம் 100 வோல்ட்டு, இழப்பு 1,00,000 வாட்டு
25,000 வோல்ட்டில்: மின்னோட்டம் 60 ஆம்பியர், மின்னழுத்த இறக்கம் 6 வோல்ட்டு, இழப்பு 360 வாட்டு

மின்னழுத்தம் 16.7 மடங்கு கூடியதால் இழப்பு ஏறத்தாழ 278இல் ஒரு பங்காகக் குறைகிறது. 25,000 வோல்ட்டை மின்தடையால் வகுத்து இழப்பைக் கணிக்க முயல்வது மேலே கூறிய பிழையாகும். கம்பியின் மீது இறங்குவது 6 வோல்ட்டு மட்டுமே. மீதமுள்ள மின்னழுத்தம் வண்டியைச் சென்றடைகிறது.

இக்கணக்கு ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. நடைமுறையில் இழப்பை இவ்வளவு குறைப்பதற்கு மாறாக, அதன் பயனை வேறு வகைகளில் பெறுவர். மெல்லிய மேல்நிலைக் கம்பி போதுமானதாகிறது. நேர்த்திசை முறையில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக வேண்டியிருந்த துணைமின் நிலையங்களை மிகுந்த இடைவெளியில் அமைக்க இயலுகிறது. வண்டியில் உள்ள மின்மாற்றி உயர் அழுத்தத்தைத் தாழ்த்தி மின்னோடிகளுக்கு வழங்குகிறது.

இராய்கர் – புகளூர் மின்தடம்

சத்தீசுகரின் இராய்கரையும் தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தில் உள்ள புகளூரையும் இணைக்கும் உயர் அழுத்த நேர்த்திசைத் தடம் 2020–2021ஆம் ஆண்டுகளில் செயற்பாட்டுக்கு வந்தது. இதன் கொள்திறன் 6,000 மெகாவாட்டு. நிலத்தைப் பொறுத்து ஒரு முனை +8,00,000 வோல்ட்டிலும் மறு முனை −8,00,000 வோல்ட்டிலும் உள்ளன. ஆகவே இரு முனைகளுக்கு இடையே 16,00,000 வோல்ட்டு நிலவுகிறது. மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் முழுப் பளுவில் மின்னோட்டம் 3,750 ஆம்பியர் எனக் கிடைக்கும். இதே திறனை 230 வோல்ட்டில் அனுப்புவதாயின் ஏறத்தாழ 2.6 கோடி ஆம்பியர் தேவைப்படும். எந்தக் கம்பியாலும் அதனைத் தாங்க இயலாது.

மனித உடலும் மின்னதிர்ச்சியும்

மின்னதிர்ச்சியின் கடுமையை உறுதி செய்வது உடலின் வழியே பாயும் மின்னோட்டமும் அது பாயும் நேரமும் பாதையுமாகும். வறண்ட தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கலாம். ஈரமான தோல், வெறுங்கால், ஈரத்தரை ஆகிய நிலைகளில் அது ஏறத்தாழ 1,000 ஓமாகக் குறையக்கூடும். அப்போது 230 வோல்ட்டு உடலில் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். இதயத் துடிப்பைச் சீர்குலைக்க இதைவிடக் குறைந்த மின்னோட்டமே போதும்.

உருகியோ எம்.சி.பி.யோ இத்தகைய மின்னோட்டத்திலிருந்து மனிதரைக் காக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் மிகச் சிறியது. அவை கம்பியையும் கருவியையும் காக்கவே அமைக்கப்படுகின்றன. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் ஆகும். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் வேறுபட்டால் அது இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை பரிந்துரைக்கப்படுகிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் பகுதிகளில் இதன் தேவை மிகுதியாகும்.

கணிப்பின் வரம்புகள்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பது எல்லா நேர்விலும் நிலையான ஒரு மின்தடையைத் தராது.

மின்னிழை விளக்கு: 60 வாட்டு விளக்கு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 882 ஓம் ஆகும். குளிர்ந்த நிலையில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். தங்குதன் இழை சூடேறும்போது அதன் மின்தடை கூடுவதே காரணம். விளக்குகள் பெரும்பாலும் இணைப்புக் கொடுக்கும் நொடியில் அறுந்துபோவதற்கு அந்நேரத்தில் பாயும் மிகை மின்னோட்டமும் ஒரு காரணமாகும்.

இருமுனையம்: இருமுனையம், ஒளியுமிழ் இருமுனையம் (எல்.இ.டி.) போன்ற குறைக்கடத்திக் கருவிகள் ஓமின் விதிக்கு உட்படுவதில்லை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் காணும் மின்திறன் இவற்றுக்கும் சரியானதாகும்.

மின்னோடி: ஒரு நீரேற்றும் மின்னோடி 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் ஈர்க்கிறது எனக் கொள்வோம். இவற்றின் பெருக்கற்பலன் 1,495 ஆகும். மாறுதிசை மின்னோட்டத்தில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டாவிடில் இப்பலன் உண்மைத் திறனைவிட மிகும். அதனைத் திறன் காரணியால் பெருக்க வேண்டும். திறன் காரணி 0.75 எனில் உண்மைத் திறன் ஏறத்தாழ 1,121 வாட்டு ஆகும். அவ்வாறே 230ஐ 6.5ஆல் வகுத்துக் கிடைக்கும் 35.4 ஓம் அம்மின்னோடிச் சுருளின் மின்தடை அன்று. சுருளின் மின்தடை சில ஓம்கள் மட்டுமே. மின்தூண்டலும் சுழலும்போது உண்டாகும் எதிர் மின்னியக்கு விசையும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. தொடங்கும்போது மின்னோடி பன்மடங்கு மின்னோட்டத்தை ஈர்ப்பதும், சுழலி இறுகி நின்றுவிட்டால் சுருள் எரிந்துபோவதும் இதனாலேயே.

குறைந்த மின்னழுத்தத்தில் வெந்நீர்க் கருவியின் மின்னோட்டம் குறைவதைக் கண்டோம். மின்னோடியில் இதற்கு மாறாக நிகழும். இழுக்க வேண்டிய நீரின் பளு குறையாததால் அதே வேலையைச் செய்ய அது கூடுதல் மின்னோட்டத்தை ஈர்க்கும். மின்னோட்டம் 6.5 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியராக உயர்ந்தால் சுருளில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 51 விழுக்காடு கூடும். எனவே குறைந்த மின்னழுத்தம் வெந்நீர்க் கருவிக்குத் தீங்கன்று. நீரேற்றியை அவ்வேளையில் இயக்காதிருப்பதே நன்று.

மின்னாற்றலும் மின்கட்டணமும்

மின்திறனை நேரத்தால் பெருக்கினால் மின்னாற்றல் கிடைக்கும். 1,000 வாட்டு திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்துவது ஒரு கிலோவாட்டு மணி ஆகும். மின்கட்டண அட்டையில் யூனிட் எனப்படுவது இதுவே. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது.

60 நாள்களுக்கான சில கணக்குகள் வருமாறு:

2,000 வாட்டு வெந்நீர்க் கருவி, நாள்தோறும் அரை மணி நேரம்: 60 யூனிட்
75 வாட்டு மின்விசிறி, நாள்தோறும் 10 மணி நேரம்: 45 யூனிட்
28 வாட்டு மின்விசிறி (தூரிகையற்ற மின்னோடி வகை), நாள்தோறும் 10 மணி நேரம்: 16.8 யூனிட்

திறன் மிகுந்த கருவியைச் சிறிது நேரம் பயன்படுத்துவதும், திறன் குறைந்த கருவியை நெடுநேரம் பயன்படுத்துவதும் ஏறத்தாழ ஒரே செலவை உண்டாக்கக்கூடும் என்பதை முதலிரு கணக்குகள் காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

ஓமின் விதி
சூல் விதி
தன்மின்தடை
திறன் காரணி
மின்மாற்றி
உயர் அழுத்த நேர்த்திசை மின்செலுத்தம்
சென்னைப் புறநகர் இருப்புவழி